எனக்கு ஒன்பதாயிரந்தான் வருது சார்

காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் மாணவர்களுக்கான பொருள் வலிமை ஆய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில், ஆய்வகச் சோதனைகளில் எல்லோருக்கும் ஒரே விடை வருவது பற்றி என் அனுபவம் ஒன்றை எழுதுகிறேன்.

மைல்டு ஸ்டீல் கம்பியை இயந்திரத்தில் அறும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையை நான்கு பேர் செய்ய, மற்றவர்கள் மின்விசிறியின் கீழ் நிற்பார்கள். வேலூர் வெயிலில் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனாலும் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வந்த புண்ணியத்தில், நீட்சியைக் கம்பி எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் யங் குணகம் மட்டும் எல்லோருக்கும் தவறாமல் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன் என்று வந்துவிடும்.

ராணிப்பேட்டையில் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த ஒரு மாணவி, ஒருநாள் தயங்கியபடி வந்து, "ரெண்டு தடவை கணக்குப் போட்டேன், எனக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான் வருது சார்" என்றாள். சரியான விடையை எழுதிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். 10 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 15 கிலோ நியூட்டன் சுமை ஏறும்போது, அளப்பதற்கென்று கம்பியில் குறித்த 50 மி.மீ. பகுதி, அதாவது அளவு நீளம், உண்மையில் 0.05 மி.மீ. அளவுக்குத்தான் நீளும், அவளோ இயந்திரத்தின் அளவுகோலைப் பார்த்து 1 மி.மீ. என்று குறித்திருந்தாள். கம்பியைக் கவ்வும் தாடைகளின் பற்கள் அதில் பதிவதும், பிடிமானத்தின் தளர்வும், சட்டகத்தின் நெகிழ்வும், அளவு நீளத்துக்கு வெளியே உள்ள கம்பியின் நீட்சியும் சேர்ந்த கணக்கு அது. அவள் படித்த அளவில் பிழையே இல்லை. எதை அளக்கிறோம் என்பதை நான்தான் சொல்லித் தரவில்லை.

கம்பியின் மேலேயே பொருத்தி அளவு நீளத்தின் நீட்சியை மட்டும் அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. "கம்பி அறுறதுக்கு முன்னாடி கழட்டிடணும் சார், போச்சுன்னா பார்ட்ஸ் கிடைக்காது" என்று எச்சரித்தபடியே லேப் உதவியாளர் சாவியை நீட்டினார். டயலில் ஒரு கோடு 0.01 மி.மீ.; அதே சுமைக்கு முள் ஐந்து கோடு நகர, விடை 1,91,000 என்று வந்தது. கருவியைக் கழற்றிய பின் சுமையை ஏற்றியபோது, கம்பி இடுப்பு சிறுத்துப் பட்டென்று அறுந்த சத்தத்தில் மின்விசிறிக் கூட்டமும் ஓடிவந்து, ஒரு முனை கிண்ணமாகவும் மறுமுனை கூம்பாகவும் இருப்பதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தது.

அதன் பிறகு அந்தச் சாவி இயந்திரத்துக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. அடுத்த பருவத்தில் ஒரு டயல் உடைந்ததும் உண்மை. உதவியாளர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.