இரண்டு பிராசசர் சர்வர் தினமும் படுத்துவிடுகிறது, புது பிராசசர் வாங்கலாமா?

இலைக்கணக்கு (கோத்தகிரி):
வணக்கம் நண்பர்களே. தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சர்வரில் இரண்டு ஜியான் பிராசசர், 8 ஜிபி ராம் எட்டு, ஓஎஸ் டெபியன் லினக்ஸ். மூன்று வாரமாக, சாயங்காலம் இலை வண்டிகள் வந்து எடை போடும் நேரம் பார்த்துக் கெர்னல் பேனிக் ஆகி (ஓஎஸ் மொத்தமாக முடங்கி) நின்றுவிடுகிறது. திரையில் ‘மெஷின் செக்’ என்று, அதாவது வன்பொருள் பிழை என்று, வருகிறது. எடைச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்கிறோம்; மழையில் காத்து நிற்கும் சிறு விவசாயிகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. டெபியனைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. கடைசியில் இரண்டாவது பிராசசரைக் கழற்றினேன். நான்கு நாளாக ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்படியானால் அதுதானே கெட்டது?

சர்வர்காரன் (கோவை):
அவசரப்பட்டு வாங்காதீர்கள் சார். இந்த வகை போர்டில் பாதி ராம் முதல் பிராசசரோடும் மீதி இரண்டாவதோடும் நேராக இணைந்திருக்கும். இரண்டாவதைக் கழற்றியதும் அதன் பக்கத்து நான்கு ராமும் சேர்ந்தே ஒதுங்கிவிட்டன. இப்போது 32 ஜிபிதான் காட்டும், பாருங்கள். கெட்டது பிராசசரா, ராமா, ஸ்லாட்டா என்பது இன்னும் தெரியாது. பிராசசரைத் திரும்ப மாட்டி (சாக்கெட் முள் வளையாமல்), இரண்டு பக்கத்து ராமையும் இடம் மாற்றுங்கள். வன்பொருள் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் புரோகிராமை ஓட விடுங்கள். ஒரு பிட் கெட்டால் ஈசிசி (ராமின் பிழை திருத்தும் வசதி) தானே திருத்திவிடும், அது பதிவாகும். ஒரே இடத்தில் இரண்டு பிட் கெட்டால் திருத்த முடியாது, அப்போதுதான் பேனிக். பிழை ராமோடு நகர்ந்தால் ராம். நகராவிட்டால் பிராசசர்களை மாற்றிப் பாருங்கள்.

மேகமூட்டம் (ஊட்டி):
இன்னொன்று, நம் ஊர் ஈரத்தில் ராமின் தொடுமுனைகள் கறுத்துப்போகும். கழற்றும்போதே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

இலைக்கணக்கு (கோத்தகிரி):
அண்ணா, நீங்கள் சொன்னபடியே 32 ஜிபிதான் காட்டியது. ராமைத் துடைத்து இடம் மாற்றினேன். மறுநாளே திருத்திய பிழைகள் முதல் பிராசசர் பக்கம் ஏற ஆரம்பித்தன. அப்புறம் ஒவ்வொன்றாக நகர்த்தியதில் ஒரே ஒரு ராம்தான் என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டு 56 ஜிபியோடு இரண்டு பிராசசரும் ஆறு நாளாக ஓடுகின்றன, பதிவில் ஒரு பிழைகூட இல்லை. பிராசசருக்கு முதலாளியிடம் பணம் கேட்க இருந்தேன். இப்போது ஒரு ராம் மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன். நேற்று எல்லோருக்கும் அச்சிட்ட எடைச்சீட்டுதான் கொடுத்தோம். மிக்க நன்றி அண்ணா.