தாய்ச்சபையை விட்டு வெளியேறலாமா? அடுத்த மாதம் ஓட்டு

இரண்டாம் மணி:
ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபையில் பொதுக்கூட்டம். பேச வேண்டியது ஒன்றுதான்: தாய்ச்சபையில் நீடிப்பதா, வெளியேறுவதா. கமிட்டி செயலாளர் என்பதால் ஓட்டுச்சீட்டு அடிக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

வெளியேறலாம் என்பவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். உபதேச விஷயத்தில் மேலிடம் போட்ட ஒரு தீர்மானத்தைப் பலருடைய மனசாட்சி ஏற்கவில்லை. மாதாமாதம் அனுப்பும் பங்குத்தொகைக்குக் கணக்கு கேட்டால் பதில் வருவதில்லை. போன வருடம் எங்கள் போதகரை, சபையாரை ஒரு வார்த்தை கேட்காமல் நடுவருடத்தில் மாற்றிவிட்டார்கள்.

நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. எந்த டினாமினேஷன் (கிறிஸ்தவப் பிரிவு), என்ன தீர்மானம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே ஓடும்.

பழைய பாட்டுப்புத்தகம்:
முதல் காரணம் ஒன்றே போதும் தம்பி. மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் போகலாம்.

1843 மே 18, எடின்பரோ. ஊர் நிலக்கிழார் தனக்குப் பிடித்தவரை, சபை வேண்டாம் என்றாலும் போதகராகக் கொண்டுவரலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட காலம். பத்து வருடம் உள்ளேயே இருந்து போராடிப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்காட்லாந்து திருச்சபையின் பேரவை கூடியபோது, தலைமை ஏற்றிருந்தவரே கண்டன அறிக்கையை வாசித்து மேசையில் வைத்தார். அரசப் பிரதிநிதியைக் குனிந்து வணங்கினார். வெளியே நடந்தார். பின்னாலேயே வரிசையாக மற்றவர்கள். அந்தத் திருச்சபையின் சுமார் 1200 போதகர்களில் 470 பேருக்கு மேல் வெளியேறினார்கள். சம்பளம் போச்சு, வீடு போச்சு, ஆலயம் போச்சு. ஆலயம் கட்ட நிலம் தரமாட்டோம் என்று நிலக்காரர்கள் கை விரித்தார்கள். ஸ்ட்ரான்டியன் என்ற ஊரில் இரும்பால் மிதக்கும் ஆலயம் ஒன்றைச் செய்து, கடற்கழியில் நங்கூரம் போட்டு ஆராதனை நடத்தினார்கள்.

நமக்கு விசிறி ஓடவில்லை என்றால் ஆராதனை நீளம்!

உப்புக்கல்:
ஐயா, கதையை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

அப்படி வெளியேறியவர்கள் தொடங்கியது ஃப்ரீ சர்ச். 1900ல் அது வேறொரு பிரஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் ஆளும்) சபையோடு இணைந்தது. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் இணைய மறுத்து வழக்குப் போட்டது. 1904ல், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: சொத்து முழுவதும் அந்தச் சின்னக் கூட்டத்துக்கே. ஆலயங்கள், கல்லூரிகள், நிதி எல்லாம். அவ்வளவையும் கட்டி ஆள அவர்களிடம் ஆளே இல்லை. மறுவருடம் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 1929ல், இணைந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஸ்காட்லாந்து திருச்சபைக்கே திரும்பினார்கள். போய்வர 86 வருடம்.

இன்னொன்று. 1843ல் போனவர்கள் சாவியை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் மணி சபையார் சாவியோடு போகப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

பழைய பாட்டுப்புத்தகம்:
சாவியை ஏன் வைக்க வேண்டும்? கல் சுமந்தது அவர்கள் தாத்தா. மேலிடம் ஒரு செங்கல் வாங்கித் தந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
ஐயா, கல் சுமந்தது யார் என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. பத்திரம் யார் பேரில், யாருக்காக என்றுதான் கேட்கும்.

இது இன்றைக்கு வந்த தந்திரமும் இல்லை. மெதடிஸ்ட் ஆலயங்களுக்கு 1763லேயே, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு மாதிரிப் பத்திரம் வகுத்துவிட்டார். கட்டிடம் ஊர்க்காரர்களான தர்மகர்த்தாக்கள் கையில் இருக்கும், ஆனால் பிரசங்க மேடையில் ஏறுகிறவர் வெஸ்லியோ, அவருக்குப் பின் பொதுமாநாடோ அனுப்பிய ஊழியராக இருக்க வேண்டும். சபை கோபித்துக்கொண்டு போனாலும் கட்டிடம் கூடப் போகாது.

அமெரிக்காவில் 1973ல், மேக்கன் நகரில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை 164க்கு 94 என்று ஓட்டுப் போட்டு வெளியேறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1979ல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. எந்த உபதேசம் சரி என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை, பத்திரத்தையும் சபைச் சட்டத்தையும் சாதாரண சொத்து வழக்கில் படிப்பதுபோலப் படித்தால் போதும் என்றார்கள். அதே வருடம் எபிஸ்கோபல் சபை (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை), உள்ளூர்ச் சொத்தெல்லாம் திருமண்டலத்துக்கும் தாய்ச்சபைக்குமான பொறுப்புச் சொத்து (டிரஸ்ட்) என்று தன் சட்டத்தில் எழுதிவைத்துக்கொண்டது.

இரண்டாம் மணி, பத்திரத்தைப் படித்தீர்களா? சபைச் சட்டத்தை?

இரண்டாம் மணி:
இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாவி பழைய பொருளாளர் வீட்டில். அவர் வெளியேறும் கட்சி, அவசரமே காட்டமாட்டேன் என்கிறார். இப்போது ஏன் என்று புரிகிறது.

மார்த்தாள்:
எல்லோரும் சொத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இதைக் கடந்து வந்தவள். ஊர் பேர் வேண்டாம்.

எங்கள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று விதி. இரண்டே ஓட்டு கூடுதலாக வந்து தேறியது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு அக்கா வந்தார்கள். நீடிக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிறவரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, திருவிருந்து மேசை விரிப்பைக் கேட்டார்கள். அதை அவர்கள் அம்மா தைத்தது. ஓரத்தில் திராட்சைக் கொடி, ஒரு மூலையில் மட்டும் நூல் தீர்ந்து வேறு பச்சையில் முடித்திருக்கும். கமிட்டியில் ஒருவர் அது சபையின் சொத்து, தீர்மானம் இல்லாமல் தர முடியாது என்றார். அந்த அக்கா சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை.

வெளியேறியது சரியா தப்பா என்றால், சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். நானும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனால் தோற்ற மூன்றில் ஒரு பங்கு எங்கே போகும் என்று ஓட்டுக்கு முந்தி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உப்புக்கல்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன் சிஸ்டர், இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. பிரதர், உங்கள் மூன்று காரணத்தில் இரண்டு நிர்வாகக் கோளாறு. கணக்கு வரவில்லை என்றால் கணக்கு கேட்டு எழுத்தில் மனுப் போடுங்கள், தாய்ச்சபையின் அடுத்த மாமன்றத் தேர்தலில் ஆளை மாற்றுங்கள். அதற்காக வீட்டையே காலி செய்வார்களா? வெஸ்லியைப் பாருங்கள். 1791ல் இறக்கும்வரை ஆங்கிலிக்கன் குருதான்.

பழைய பாட்டுப்புத்தகம்:
அதே வெஸ்லி 1784ல் பேராயரைக் கேட்காமல் தானே தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுத்து ஊழியர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். உள்ளே இருந்தார் என்றால் இப்படித்தான் இருந்தார்! அப்போஸ்தலர் 15ல் பவுலும் பர்னபாவும் பிரியவில்லையா? ஊழியம் ஒன்றுக்கு இரண்டாயிற்று.

உப்புக்கல்:
பிரிந்தார்கள், மாற்குவைக் கூட்டிப்போவதா என்ற விஷயத்தில். அதே மாற்குவைப் பின்னால் பவுலே கேட்டு அனுப்புகிறார், 2 தீமோத்தேயு 4. யார் மேல் கோபமோ அவர் தேவைப்பட்டார். அவர்கள் நடுவே ஆலயக் கட்டிடமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
வசனத்தை விடுங்கள், இரண்டு பக்கமும் நன்றாகவே வெட்டும். சமீபத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் சபை, ஓரினச்சேர்க்கையாளர் திருமணம், குருத்துவம் பற்றிய பிணக்கில், 2019ல் வெளியேற ஒரு வழி திறந்தது. கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். இரண்டு வருடப் பங்குத்தொகை கட்ட வேண்டும், ஓய்வுபெற்ற போதகர்களின் பென்ஷன் பாக்கியில் சபையின் பங்கையும் கட்ட வேண்டும். கட்டினால் கட்டிடத்தோடு போகலாம். 2023 டிசம்பர் 31ல் கதவை மூடினார்கள். அதற்குள் 7600க்கு மேற்பட்ட சபைகள் போயின, நாட்டில் இருந்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்று. பணம் கட்டிப் போனதால் பெரும்பாலும் வழக்கு இல்லை. அதே சபை மரபு 1844ல் அடிமைத்தனத்தின் பேரில் பிளந்து, ஒட்ட 1939 ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சீட்டில் "நீடிப்பதா, வெளியேறுவதா" என்று அடிக்காதீர்கள். "கட்டிடம் கிடைக்காவிட்டாலும் வெளியேறச் சம்மதமா" என்று அடியுங்கள்.

பழைய பாட்டுப்புத்தகம்:
இது மிரட்டல் கேள்வி.

கணக்குப்பிள்ளை:
1843ல் அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி, ஐயா. நீங்கள் சொன்ன கதைதான்.

இரண்டாம் மணி (ஒன்பது நாள் கழித்து):
பெட்டி திறந்தது. பத்திரம் தாய்ச்சபையின் பேரில், "சபையாரின் உபயோகத்துக்காக" என்று இருக்கிறது. வக்கீல் ஒருவர் இரண்டு முறை படித்துவிட்டு, கட்டிடத்தை நம்பி ஓட்டுப் போடாதீர்கள் என்றார்.

நேற்று கமிட்டியில் கணக்குப்பிள்ளை பிரதர் சொன்ன கேள்வியையே கேட்டேன், சீட்டு இல்லாமல், சும்மா கை தூக்கச் சொல்லி. முதலில் வெளியேறலாம் என்ற பதினான்கு பேரில் மூன்று கைதான் நின்றது. பழைய பொருளாளர் கையை ஜேபியில் விட்டுக்கொண்டார். பொதுக்கூட்டத்தை ஆறு மாதம் தள்ளி, கணக்கும் போதகர் மாற்றமும் பற்றி மேலிடத்துக்கு மனு அனுப்புவதாகத் தீர்மானம்.

அந்த மூன்று பேர் தங்கள் குடும்பங்களோடு இந்த மாதமே போகிறார்கள். ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவார்களாம். சண்டை இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல். கொடுக்கலாமா, தீர்மானம் வேண்டுமா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார்.

மார்த்தாள்:
தீர்மானம் எல்லாம் வேண்டாம். நாளைக்கே கொடுங்கள்.

பழைய பாட்டுப்புத்தகம்:
முத்திரையும் போட்டுக் கொடுங்கள் தம்பி. மொட்டைமாடி எந்தத் தெரு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.