உதவி: விமானத்துல போக 6.45 மணி நேரம், வர 1.35 மணி நேரம், எது சரி?

அரைத்தூக்கம்:
டிக்கெட்ல போறது 23:15 – 06:00, வர்றது 20:15 – 21:50. ஒரே வழி, எப்படி இவ்ளோ வித்தியாசம்? தூரத்தை வச்சுப் பாக்கலாம்னு ஷீட்ல ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையை வச்சு ஏகாஸ் (ACOS) ஃபார்முலா போட்டா 7,029 கி.மீ. வருது. அம்மாவுக்கு 8 மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்திரை, அதுக்குத்தான் கேக்கறேன். சீக்கிரம் சொல்லுங்க.

ரன்வே_25:
எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்கு? நேரடியா, நடுவுல இறங்கி ஏறணுமா?

காற்றாடி:
கிழக்கே போறீங்கன்னு தோணுது. பூமியும் கிழக்கே சுத்துறதால ஊர் விலகிட்டே போகும், நேரம் கூடும்.

கணக்குப்பிள்ளை:
பூமியோட காற்றும் சேர்ந்துதான் சுத்துது. பள்ளிக்கூடப் பாடம் இது. டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். அதைப் படிக்காம இழை திறக்கறவங்களுக்கு என்ன சொல்ல?

அரைத்தூக்கம்:
சாரி, சென்னை – சிங்கப்பூர். நேரடி.

ரன்வே_25:
அப்ப சுலபம். சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி முன்னாடி. போக 6.45லேர்ந்து அதைக் கழிங்க, 4.15. வர 1.35ஓட கூட்டுங்க, 4.05. நேர வித்தியாசமே தெரியலைன்னாலும் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா சராசரி கிடைக்கும்: 8.20ல பாதி, 4.10.
இது முழுக்க ஆகாயத்துல இல்ல. கேட்லேர்ந்து நகர்றதுலேர்ந்து அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்றது, வரிசைல நிக்கிறது எல்லாம் இதுக்குள்ள.

கணக்குப்பிள்ளை:
7,029க்கு வருவோம். 12.99, 80.17, 1.36, 103.99ன்னு பாகையை அப்படியே போட்டுப் பார்த்தேன், அதே 7,029. ஷீட்ல சைன், காஸ் ரெண்டும் பாகைல இல்ல, ரேடியன்ங்கிற இன்னொரு கோண அளவுலதான் கணக்குப் பண்ணும். ஒவ்வொரு எண்ணையும் ரேடியன்ஸ் (RADIANS) ஃபார்முலாவுக்குள்ள போடுங்க, 2,924 வரும். மணிக்கு 840 கி.மீ.ன்னு வச்சா 3 மணி 29 நிமிஷம். ஏறி இறங்கறதுல வேகம் குறையும், வழியும் நேர்கோடு இல்ல. மீதி அங்க போகுது.

காற்றாடி:
சரி, பூமி வேண்டாம். 10 நிமிஷ வித்தியாசம் உயரத்துல வேகமா ஓடற ஜெட் காற்றுதானே?

ரன்வே_25:
குளிர்காலத்துல மேற்கிலேர்ந்து வீசற பலமான ஜெட் டெல்லி அட்சரேகைப் பக்கம் ஓடும், இந்த வழில இல்ல. ஜூன்–செப்டம்பர்ல தென்னிந்தியா மேல அடிக்கிறது கிழக்கிலேர்ந்து வர்ற ஜெட். அப்ப திரும்பி வர்றதுக்குத்தான் சாதகம். அது விமானம் பறக்கிற உயரத்தைவிட மேலதான் உச்சத்துல இருக்கும், கீழ கொஞ்சம்தான் கிடைக்கும். 10 நிமிஷம் அட்டவணை போடறவங்க விட்ட இடைவெளியாவும் இருக்கலாம்.

மாலைக்கடல்:
தீர்க்கரேகை 104 பாகைக்கு சிங்கப்பூர் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணிதானே முன்னாடி இருக்கணும், ஏன் 8?

கணக்குப்பிள்ளை:
1982 ஜனவரி 1 முதல் 8. மலேசியா மாத்தினப்ப அவங்களும் மாத்தினாங்க. சூரியனைக் கேட்டு யாரும் நேரம் வைக்கறதில்ல.

காற்றாடி:
அப்ப அங்க நண்பகல் 1 மணிக்கா? இதைச் சொன்னா நான் தப்பு!

ரன்வே_25:
ஏறத்தாழ 1 மணிக்குத்தான். நீங்க சொன்னது அதில்ல 😀
மாத்திரைக்கு ஃபோன் கடிகாரத்தை நம்பாதீங்க, இறங்கினதும் தானா மாறிடும். இந்திய நேரத்திலேயே எண்ணுங்க. இரவு 10க்குப் போட்டா அடுத்தது காலை 6, அங்க அது 8.30. கைப்பைலயே வச்சுக்குங்க.

அரைத்தூக்கம்:
ரேடியன்ஸ் போட்டேன், 2,924. அலாரம் 8.30க்கு வச்சாச்சு. நன்றி.