பனியன் யூனிட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் சரிப்பட்டு வருமுங்களா?

நொய்யல்கரை:
திருப்பூர்ல சின்ன செக்கிங், பேக்கிங் யூனிட்டுங்க. ஆபீஸ்ல இருக்கிறது ஒரே டெஸ்க்டாப்: ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏத்துக்கறதில்லை. மெயில், வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி, இ-வே பில், எக்செல்ல சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு, டாலி, இவ்வளவுதான் வேலை. தமிழ்க் கடிதமெல்லாம் பாமினி எழுத்துருவுல. பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 1020. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டா தாக்குப் பிடிக்குமுங்களா?

காங்கேயம் காளை:
பிரவுசர்ல நடக்கிற வேலைக்கு ஒரு தடங்கலும் இல்லைங்க. இ-வே பில் அப்படியே ஓடும். புரொப்ரைட்டர் பேர்ல ஜிஎஸ்டி இருந்தா ஓடிபி வச்சே ரிட்டர்ன் போட்டுறலாம். பிரைவேட் லிமிடெட், எல்எல்பின்னா டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற யுஎஸ்பி) கட்டாயம். அதுக்கு விண்டோஸை வச்சுக்கறதுதான் சுளுவு.

முட்டுக்கட்டை டாலிதான். அது விண்டோஸுக்குன்னே எழுதினது. வைன் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டற சாஃப்ட்வேர்) வழியா திறந்தாலும் கணக்கை அதை நம்பி விடாதீங்க. லினக்ஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடற வர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள விண்டோஸ் வச்சு ஓட்டலாம், ஆனா 4 ஜிபி ராம் பத்தாது, 8 ஆக்கணும். எக்செல் ஃபைல்ல மேக்ரோ (தானா ஓடற கட்டளைத் தொகுப்பு) இருந்தா, லினக்ஸ்ல எக்செல்லுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஆபீஸ்ல பாதி ஓடும், பாதி ஓடாது. வெறும் கூட்டல் பெருக்கல்னா பயமில்லை.

பவானி கூடுதுறை:
பிரிண்டரைப் பத்தி யாரும் சொல்லலையே. 1020-ல ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கற புரோகிராம்) பிரிண்டருக்குள்ள தங்காதுங்க. ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்பணும். லினக்ஸ்ல அந்த வேலையை எச்பிலிப்ங்கிற எச்பி பிரிண்டர் சாஃப்ட்வேர் செய்யும், ஆனா ஃபர்ம்வேர் தனி பிளக்-இன்னா வருது. பிளக்-இன் இல்லைன்னா பிரிண்டரைக் காட்டும், காகிதம் வராது. முதல் தடவை இன்டர்நெட்டோட எச்பிலிப்பைத் திறந்து பிளக்-இன்னை இறக்கிக்கோங்க. பிற்பாடு அப்டேட்ல எச்பிலிப் வெர்ஷன் மாறுனா அதே வெர்ஷன் பிளக்-இன்னை மறுபடி இறக்கணும். "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை"ங்கிற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பாமினி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லைங்க. திரையில 'அம்மா'ன்னு தெரியறது, ஃபைலுக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல அந்த ஆங்கில எழுத்துதான் தெரியும். பாமினி ஃபைலை லினக்ஸ்ல நிறுவுனாப் பழைய கடிதம் திறக்கும். புதுசா எழுதறதைத் தமிழ்99 விசைப்பலகையில, யூனிகோட்ல ஆரம்பிச்சிருங்க. லினக்ஸ்ல ஐபஸ், எம்17என்ங்கிற தட்டச்சு சாஃப்ட்வேர் ரெண்டும் போட்டா அந்த விசைப்பலகை கிடைக்கும். இந்த மாத்தத்தை விண்டோஸ்லயே இருந்தாலும் செஞ்சே ஆகணும்.

அவினாசி ரோடு:
நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரே கம்ப்யூட்டர், நாள் பூரா டாலின்னா, டூயல் பூட்ல (ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டையும் வச்சா) பத்துத் தடவை ரீஸ்டார்ட் பண்ணணும். ரெண்டே வாரத்துல எல்லாரும் விண்டோஸ்லயே உக்காந்துக்குவாங்க.

நொய்யல்கரை:
புரொப்ரைட்டர்ஷிப்தானுங்க. டாலி சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் ஓடும். எக்செல்ல மேக்ரோ கிடையாது.

காங்கேயம் காளை:
அப்படின்னா தாராளமா மாத்தலாங்க. பழைய டிஸ்கைத் தொடவே வேண்டாம், டாலிக்கு அதுல விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்குங்க. வேகம் கூடறதுல பாதி அதாலதான். மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கிற இலகுவான பதிப்பை 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதி, நிறுவாம பென்டிரைவ்ல இருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூணையும் பாத்துருங்க. அப்புறம் பவரை அணைச்சு, பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிட்டு எஸ்எஸ்டியில நிறுவுங்க. அப்பத்தான் பூட்லோடர் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கிற சின்ன புரோகிராம்) தப்பித் தவறியும் விண்டோஸ் டிஸ்குல போய் உக்காராது. முடிஞ்சதும் கேபிளை மாட்டுங்க. எது வேணுமோ அதை பூட் மெனுவுல எடுத்துக்கலாம். அந்த மெனுவுக்கு நிறைய போர்டுல எஃப்12, எச்பின்னா எஃப்9. என்னைக்காவது பழைய டிஸ்கை ஃபார்மேட் பண்ணணும்னா, அதுக்கு முன்னாடி டாலி லைசென்ஸை சரண்டர் பண்ணிருங்க.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மறக்காம அணைங்க. அது இருந்தா ஷட்டவுன் முழுசா ஆகாது, லினக்ஸ்ல இருந்து அந்த டிஸ்குல எழுதவும் முடியாது.

பவானி கூடுதுறை:
கடிகாரத்தையும் பாத்துக்கோங்க. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல யூடிசி (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்குப் போனா மணி ஐந்தரை மணி நேரம் பின்னாடி காட்டும். லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாத்தி வச்சிருங்க.