பச்சைமலையில் பாதையே இல்லாமல் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு: எங்கள் கணக்கு சரியா?

மன்னார்குடி_வயல்:
நாங்கள் நாலு பேர், மன்னார்குடி பக்கம். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டால் மாசியில் கொஞ்சம் கை ஓயும். அப்போது துறையூர் வழியாகப் பச்சைமலை, டாப் செங்காட்டுப்பட்டி வரை பஸ்ஸில் போய், ஒரு முகட்டில் ஏறி, அங்கிருந்து ஊருக்குத் திரும்பாமல் காட்டுக்குள்ளேயே எதிர் முகட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை. நடுவில் எந்தப் பாதையும் படத்தில் இல்லை. கூகுள் எர்த்தில் நேர்கோடு போட்டால் 3 கிலோமீட்டர்தான், நடுவில் ஒரு பள்ளம், சுமார் 250 மீட்டர் இறங்கி 300 மீட்டர் ஏற வேண்டிவரும். 3 கிலோமீட்டர் எல்லாம் நாங்கள் டீ குடிக்கப் போகிற தூரம். காலை 9 மணிக்கு முதல் முகட்டிலிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாடு இரண்டாவது முகட்டில் என்று கணக்கு. சரியா? அரிவாள் எடுத்துப் போகலாமா? போன் ஜிபிஎஸ் போதுமா? சீமைக் கருவேலங்காட்டில் மாடு தேடிப் பழக்கம் உண்டு, முள்ளுக்குப் பயமில்லை.

கொள்ளிடக்கரை:
தம்பி, கணக்கு தப்பு. நல்ல பாதையில் போகிறவர்களுக்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது, நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் சொச்சம் வரும், அதை நம்பித்தான் மதியச் சாப்பாடு என்கிறீர்கள். பாதை இல்லாத புதரில் இது செல்லாது. உன்னிச்செடி மண்டிய சரிவில் மணிக்கு அரை கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம், அதிலும் முன்னால் போகிறவரை அடிக்கடி மாற்ற வேண்டும். சுற்றி வளைந்து போவதையும் சேர்த்தால் 3 கிலோமீட்டர் நாலரையாகும். கருவேலங்காட்டில் தரை சமம், கீழே குனிந்து நுழையலாம். இங்கே சூரை முள் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது கால் சறுக்கும், கை பிடிக்கப் போனால் அதுவும் முள். ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும், பாதி தூரம் தாண்டவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் வாக்குவாதம் செய்யக்கூடாது.

ரயிலடி_திருச்சி:
நேரத்தை விடுங்கள், அனுமதி வாங்கினீர்களா? அது காப்புக்காடு, அரசு அறிவித்துக் காக்கிற காடு. வன அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்காமல் உள்ளே போனாலே வழக்கு. அரிவாளை வீட்டிலேயே வையுங்கள், காப்புக்காட்டில் செடி வெட்டுவதும் குற்றம்தான். இன்னொன்று, பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது, நீங்கள் சொல்லும் இரண்டாவது முகடு யார் எல்லையில் வருகிறது என்று பாருங்கள். ஒரு அலுவலகத்தில் வாங்கிய தாள் அடுத்த எல்லையில் செல்லாமல் போகலாம்.

அதைவிடப் பெரிய தப்பு மாசி. போடி பக்கம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்கள், அதுவும் மாசிதான். பனி நின்று புல் காய்ந்து கிடக்கிற நேரம். சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே வருவதால் மனிதன் ஏறுகிற வேகத்தைவிட அது வேகம். பாதை தெரியாத புதருக்குள் நிற்கிறவன் எந்தப் பக்கம் ஓடுவான்? அந்தத் தீக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகளே கறாரானது. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தது, அங்கேயும் குறித்த தடம், கூட வழிகாட்டி, இஷ்டத்துக்குப் புதரில் நுழைவது கிடையாது.

மன்னார்குடி_வயல்:
குரங்கணியை நினைக்கவே இல்லை அண்ணே. அப்போ மாதத்தை மார்கழிக்கு மாற்றுகிறோம், மழை விட்ட பிறகு. பள்ளத்தில் இறங்கி ஓடையைப் பிடித்துப் போனால் புதர் குறைவாக இருக்குமே, அது சரிவருமா?

வடுவூர்_ஏரி:
மார்கழியில் கதிர் சாயும் நேரம் வயலை யார் பார்ப்பது, மாமனாரா 😄

நில_அளவை_ஓய்வு:
ஓடை வேண்டாம். மேலிருந்து பார்த்தால் வழி மாதிரி தெரியும், கொஞ்ச தூரத்தில் அருவியாக விழும், இறங்கியதை ஏறவும் முடியாது. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் 3 கிலோமீட்டர் அதில் 6 சென்டிமீட்டர். ஒரே உயரத்து இடங்களைச் சேர்க்கிற சமவுயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது நாலு மாடி உயரப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும், படத்தில் தெரியவே தெரியாது. கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போகிற மாதிரி வரையுங்கள். இரண்டு முகட்டையும் சேர்க்கிற தாழ்ந்த கழுத்து மாதிரி ஓர் இடம் இருக்கும், மலை முதுகு (இரண்டு பக்கமும் சரிந்து நடுவே உயர்ந்த வரப்பு) வழியாக அதற்கு இறங்கி மறுபடி முதுகு வழியாகவே ஏறுங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை. முதுகில் காற்று அடிக்கும், புதர் மெலிந்திருக்கும், எங்கே நிற்கிறோம் என்றும் தெரியும்.

போன் ஃப்ளைட் மோடில் இருந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரி நிற்கும். படத்தை முன்பே இறக்கி வையுங்கள், நடக்கிற தடத்தைப் பதிவு செய்துகொண்டே போனால் திரும்ப அதுதான் வழி. ஆனால் ஆழமான பள்ளத்தில் நீங்கள் நிற்கும் புள்ளியைப் போன் நகர்த்திக் காட்டும், அதனால் ஒரு சாதாரணத் திசைகாட்டியும் வேண்டும். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம், திருத்தம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குளத்தூர்_பாறை:
தஞ்சாவூர்க்காரர்கள் எல்லாம் எடுத்தவுடன் பச்சைமலை என்கிறீர்களே, முதலில் புதுக்கோட்டை வழியில் நார்த்தாமலைக்கு வாருங்கள். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று குட்டி மலைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, பெரும்பாலும் மொட்டைப் பாறை. மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் வரைக்கும் எல்லோரும் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து வரைபடத்தைத் திசைக்குச் சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டு எதிரே தெரிவது எந்த மலை, நடுவில் எவ்வளவு பள்ளம், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகித்துப் பழகுங்கள். தொல்லியல் துறை இடம், பாறையில் பெயிண்ட் அடிக்காதீர்கள். 10 மணிக்கு மேல் பாறை சுடும், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

மன்னார்குடி_வயல்:
சரி, பேசி முடித்தாயிற்று. மாசித் திட்டம் ரத்து, அரிவாளும் இல்லை. தை பிறக்கும் முன் ஒரு ஞாயிறு நார்த்தாமலை. பச்சைமலைக்குத் திருச்சி வன அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். அதில் என்ன எழுத வேண்டும்?

ரயிலடி_திருச்சி:
பாதை இல்லாத இடம் என்று எழுதினால் தரமாட்டார்கள். டாப் செங்காட்டுப்பட்டியில் ஊர்க்காரர்கள் மாடு ஓட்டிப் போகிற ஒற்றையடித் தடம் எது எது முகட்டுப் பக்கம் போகிறது என்று முதலில் நேரில் கேளுங்கள், அந்தத் தடத்தைக் குறித்து, கூட வர ஊர்க்காரர் ஒருவரையும் வன அலுவலகமே ஏற்பாடு செய்யும்படி கேட்டு எழுதுங்கள். நாலு பேர் ஆதார் நகல், போகும் தேதி, எத்தனை மணிக்குக் கீழே இறங்கியிருப்பீர்கள் என்பது. அதே தாளின் நகல் ஒன்றை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள், நேரம் தாண்டினால் அவசர உதவி எண் 112க்கு யார் கூப்பிடுவது என்று சொல்லி.