தேன்மெழுகில் படியும் வெள்ளைக்கு ‘நீறு’ என்ற சொல்: என் பரிந்துரை

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். தேன்மெழுகில் செய்த மெழுகுவத்தியின் மேல் கொஞ்ச நாளில் வெள்ளையாக ஒன்று படிகிறது. ஆங்கிலத்தில் ‘புளூம்’ என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் குழுமத்தின் இந்த இழையில் இதுவரை ‘வெண்மலர்ச்சி’, ‘வெண்படலம்’, ‘மெழுகுப் பூப்பு’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. வேலூரில் வீட்டிலேயே வத்தி வார்ப்பவள் நான். என் பரிந்துரை ‘நீறு’. வினையாகச் சொன்னால் ‘நீறு பூத்தல்’.

இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து தேனடை வாங்கி, உருக்கி, வடிகட்டி, அச்சில் வார்த்துக் கொடுத்த வத்தியைப் பார்த்து, “இது பூசணம் பிடிச்சிருக்கும்மா” என்று திருப்பித் தருகிறார்கள். பூசணம் இல்லை என்று சொன்னால், அப்புறம் என்ன என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு பெயர் இல்லை.

அது என்ன என்று முதலில் பார்ப்போம். தேன்மெழுகு ஒரே பொருள் அல்ல. எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்தவை), கொழுப்பு அமிலங்கள், ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்டவை) எல்லாம் சேர்ந்த கலவை. மொத்தமாக அது உருகுவது 62 முதல் 65 டிகிரியில். ஆனால் அதற்குள் இருக்கும் நிறைவுறா ஹைட்ரோகார்பன்கள் சில இதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே இளகும். அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து நுண்ணிய படிகங்களாக உறைகின்றன. வெள்ளையாகத் தெரிவது அதுதான். ஏறக்குறைய 39 டிகிரியில் இந்தப் படிவு உருகி மறைந்துவிடும். நம் ஊருக்கு இந்த எண் முக்கியம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது வத்தி பளபளவென்று இருக்கும். மார்கழியில் அதே வத்தி வெளுத்துப்போகும். அதனால் வெள்ளை இல்லாத வத்தி போலி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சித்திரையில் அசல் மெழுகிலும் அது இருக்காது.

பூசணமா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. இளஞ்சூடு காட்டினால் இது மறையும், பூசணம் மறையாது. மெழுகை ஒழுங்காக வடிக்காமல் தேனும் மகரந்தமும் ஒட்டியிருந்தால் பூசணம் வரலாம், அது வேறு விஷயம்.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘வெண்மலர்ச்சி’ ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழாக்கியது. மலர்ச்சி என்றால் நமக்கு முகம்தான் நினைவுக்கு வரும். ‘வெண்படலம்’ பரவாயில்லை, ஆனால் படலம் என்றால் விரித்தாற்போல் ஒரு ஏடு. இதுவோ தொட்டால் விரலில் ஒட்டும் தூள். ‘பூப்பு’ என்ற சொல்லை நம் வழக்கு வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அதை வத்தியின் உறையில் அச்சிட முடியாது.

ஆனால் ‘பூத்தல்’ என்ற வினையை விட எனக்கு மனமில்லை. சுவரில் உப்புப் பூக்கிறது, ரொட்டியில் பூசணம் பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது. மேற்பரப்பில் ஒன்று தோன்றிப் படிவதைத் தமிழ் வெகு காலமாக இப்படித்தான் சொல்லி வருகிறது. இவற்றில் ‘நீறு பூத்த’ என்பதுதான் நம் மெழுகுக்குப் பொருந்துகிறது. நீறு என்றால் சாம்பல் மட்டும் இல்லை. சுண்ணாம்பு நீற்றிய பொடியும் நீறுதான்.

இதைவிடப் பெரிய சான்று காய்கறிக் கடையில் இருக்கிறது. வெள்ளைப் பூசணிக்காய்க்கு நீற்றுப்பூசணி என்று ஒரு பெயர் உண்டு. இலங்கையில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். முற்றிய காயின் தோலில் படியும் அந்த வெண்தூள் உண்மையில் மெழுகுதான். அந்தக் காயின் பழைய தாவரவியல் பெயரில் இருக்கும் ‘செரிஃபெரா’ என்ற சொல்லுக்கே மெழுகு தாங்கியது என்றுதான் பொருள். ஆக, மேற்பரப்பில் பூக்கும் மெழுகை ‘நீறு’ என்று நம்மவர்கள் ஏற்கெனவே பெயரிட்டாயிற்று. நாம் அதை வத்திக்கும் நீட்டினால் போதும்.

நான் இச்சொல்லை முன்பு சொன்னபோது ஐயா ஒருவர் திருநீற்றை நினைவுபடுத்தி, தேவாலயத்துக்கு வத்தி வாங்குபவர்கள் தயங்குவார்களோ என்று கேட்டிருந்தார். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தின் முதல் நாளைத் திருநீற்றுப் புதன் என்றே சொல்கிறார்கள். ‘திரு’ சேர்ந்தால்தான் அது புனிதப் பொருள். தனியாக நின்றால் நீறு பொதுச்சொல். எரிந்த திரியின் கரியோடு குழம்பாதா என்ற கேள்வியும் வந்தது. அதைத்தான் எல்லோரும் கரி, சாம்பல் என்கிறோமே.

நம் பழைய வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பதனிட்ட தோலிலும் இதே தொல்லை உண்டு. தோலுக்கு ஊட்டிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் குளிர்ந்த நாளில் மேலே வந்து வெள்ளையாகப் படியும். அதையும் பூசணம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதுவும் இளஞ்சூட்டில் மறையும். ஆகவே நாம் உண்டாக்கும் சொல் மெழுகோடு நின்றுவிடக் கூடாது. ‘மெழுகு நீறு’, ‘கொழுப்பு நீறு’ என்று முன்னொட்டை மாற்றினால் தோலுக்கும் ஆகும். சாக்லேட்டில் இந்த வெள்ளை கொழுப்பாலும் வரும், சர்க்கரையாலும் வரும். அங்கே ‘கொழுப்பு நீறு’, ‘சர்க்கரை நீறு’. ‘வெண்மலர்ச்சி’யை இப்படிப் பிரித்துப் பாருங்கள், நாக்கு மறுக்கும்.

இழையில் வந்த மற்ற இரண்டு சொற்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெழுகு உருக்கும் முறைக்கு ‘இரட்டைக் கொதிகலன்’ வேண்டாம். கொதிகலன் என்றால் ஆலையில் இருப்பது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எவர்சில்வர் கிண்ணம் வைத்து உருக்குவதுதானே, ‘வெந்நீரில் உருக்குதல்’ போதும். (இரும்பு, செம்புப் பாத்திரம் வேண்டாம், மெழுகின் நிறம் கெடும். நேரடித் தீயில் வைக்கவே கூடாது.) திரி மெல்லியதாக இருந்தால் நடுவில் மட்டும் உருகி, சுற்றிலும் சுவர் நிற்கும். அதற்கு ‘சுரங்கமாதல்’ என்றார்கள். ‘குழியெரிவு’ என்று வைக்கலாம். தேன்மெழுகு உருகிய நிலையில் பாரஃபினைவிட (பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண மெழுகைவிட) கெட்டியானது, பொதுவாக உருக அதிகச் சூடும் வேண்டும். அதனால் அதற்குத் தடித்த பருத்தித் திரி வேண்டும் என்பதை விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

சொல் பட்டியலில் சேர்க்க என் வரி இது:

மெழுகு நீறு: தேன்மெழுகின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படியும் வெண்தூள். பூசணம் அன்று. மென்துணியால் துடைத்தாலோ இளஞ்சூடு காட்டினாலோ நீங்கும். வினை: நீறு பூத்தல்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். தோல் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இந்தக் குழுமத்தில் இருந்தால், பட்டறையில் இதை என்ன பெயரிட்டுச் சொல்கிறார்கள் என்று தெரிவியுங்கள். அங்கே நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் இருந்தால் என் பரிந்துரையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து