முதல் தடவை வீட்டில் பீர்: குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் அடைக்கலாமா?

புதுக்குடம்:
மால்ட் சாறு (முளைகட்டிய தானியச் சாறு), ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ), ஈஸ்ட் எல்லாம் சேர்ந்து வரும் பெட்டி ஒன்று வாங்கி முதல் தடவையாக பீர் போட்டிருக்கிறேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, தண்ணீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்கி, மூடி போட்ட வாளியில் ஈஸ்ட்டைத் தூவினேன். முதல் இரண்டு நாள் ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழாய்) தூங்கவிடவில்லை, அப்படிக் குமிழி. இன்று ஐந்தாம் நாள், சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் பச்சை ஆப்பிள் வாசனை. அடைத்துவிடலாமா? ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருக்கிறது, ஆனால் ஆரம்பத்தில் அளக்க மறந்துவிட்டேன். அப்புறம், வீட்டில் செய்தால் மெத்தனால் வந்து கண் போய்விடும் என்று கூட வேலை பார்ப்பவர் பயமுறுத்துகிறார்.

அலமாரிக்காரன்:
அடைக்காதீர்கள். எனக்கு இந்தப் பெயர் வந்த கதையே இதுதான். என் முதல் பீரிலும் ஆறாம் நாள் குமிழி நின்றது. நம்பி 38 பாட்டில் அடைத்துத் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். உள்ளே நொதித்தல் தொடர்ந்து வாயு சேர்ந்ததில், பத்து நாள் கழித்து நடு இரவில் முதல் வெடி. பக்கத்துப் பாட்டில்களையும் அது விடவில்லை. காலையில் எண்ணினால் 11 போயிருந்தன. கதவு மூடியிருந்ததால்தான் கண்ணாடிச் சில்லு அறைக்குள் வரவில்லை. மிச்சத்தைத் தொடவே பயமாக இருந்தது. போர்வைகளில் ஹாப்ஸ் வாசனை போக மாதக்கணக்கானது.

ஏர்லாக் ஒரு அளவுகருவி இல்லை. மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி வராது. நொதித்தல் முடிந்த பிறகும் அறை சூடானால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் மட்டும்தான் உண்மை சொல்லும்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் எண் இறங்கும். ஆரம்ப அளவு விட்டுப்போனால் பரவாயில்லை, ஆல்கஹால் எவ்வளவு என்று கணக்கிட முடியாது, அவ்வளவுதான். (1.048இல் தொடங்கி 1.012இல் நின்றால், வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் சுமார் 4.7 சதவீதம்.) இப்போது அளங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக, 1.010 பக்கத்தில் இருந்தால் அடைக்கலாம். அளந்ததை வாளியில் திருப்பி ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள்.

பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் பாதி வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். விட்டுவைத்தால் அதுவே தின்று தீர்க்கும். இரண்டு வாரம் வாளியைத் தொடாமல் இருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் கடினமான பகுதி.

நுரைதட்டி:
மெத்தனால் பயம் காய்ச்சி வடிக்கும் சாராயத்தோடு ஒட்டி வந்தது. தானியத்தை நொதிக்கவைக்கும் பீரில் அது பொருட்படுத்தும் அளவுக்கு வராது. வடிப்பது வேறு வேலை, பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். பீருக்கும் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1978இலேயே மத்திய சட்டம் வழிவிட்டும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன.

புதுக்குடம்:
நன்றி. அறை 27 டிகிரி இருக்கிறது, அது பிரச்சினையா? பாட்டிலில் வாயு ஏற எவ்வளவு சர்க்கரை போட வேண்டும்?

அலமாரிக்காரன்:
27 அதிகம். சாதாரண ஏல் (பீரில் ஒரு வகை) ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 நல்லது. அதோடு நொதிக்கும்போது வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். முதல் மூன்று நாள்தான் ருசியைத் தீர்மானிக்கிறது, அது உங்களுக்குப் போய்விட்டது. கொஞ்சம் பழவாசனை தூக்கலாக இருக்கும், குடிக்கலாம். அடுத்த முறை வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். பளபளக்கும் புதுப் பாத்திரங்களுக்குச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் போதும், 20 லிட்டருக்கு 120. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, கிருமி நீக்கிய இன்னொரு வாளியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகத் தெறிக்காமல் இறக்குங்கள். பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் போட்டால் ஒன்று பொங்கும், ஒன்று சப்பென்று இருக்கும். அழுத்தம் தாங்கும் பழைய பீர் பாட்டில்தான் வேண்டும். பழுப்பு நிறமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும். கிருமி நீக்க வீட்டு ப்ளீச் வேண்டாம், கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பீரில் மருந்து வாடை வரும். அலசத் தேவையில்லாத அமில வகை கிடைக்கும், அதன் நுரைக்குப் பயப்படாதீர்கள்.

நுரைதட்டி:
பாட்டிலை எங்கே வைத்தாலும் மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். துணி அலமாரியில் வேண்டாம்.

புதுக்குடம்:
இப்போதுதான் அளந்தேன். 1.018. குடித்தும் பார்த்தேன், இன்னும் தித்திக்கிறது.

அலமாரிக்காரன்:
பார்த்தீர்களா, 1.010க்கு வர இன்னும் 8 புள்ளி (0.008) இறங்க வேண்டும். நாம் போடும் 120 கிராமைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சர்க்கரை அதிலேயே கிடக்கிறது. மூடியை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.